மாமாவின் ஈரல் கொழுத்த கதை

அம்மா அழைத்தபோது நான் ஈரல் செல்களுக்கு எண்ணெய் ஊட்டிக்கொண்டிருந்தேன். கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் அதுதான் என் வேலை. கையுறையைக் கழற்றி வீசிவிட்டுத் தாழ்வாரத்துக்கு ஓடி வந்து தொலைபேசியை எடுத்தேன்.

"மாமாவுக்கு ஈரல்ல என்னமோ ஆயிருச்சாம். ஒடனே கெளம்பி வா."

"என்னாச்சும்மா?"

"ஆட்டோக்காரரு தண்ணிங்கிறாரு. ஒங்க அத்தை கொழுப்புங்கிறாங்க. எனக்கு என்னா தெரியும்? நீதானே ஈரல் படிக்கிறவ."

ஈரல் படிக்கிறவள் என்பது கொட்டகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எனக்குக் கிடைத்திருக்கும் பட்டம். கொழுந்து பறிக்கும் மலையில் யாராவது, "ஒங்க மக என்னா படிக்குது?" என்று கேட்டால் அம்மா அப்படித்தான் சொல்வாள். அதைக் கேட்டவர்கள் என்னை ஒரு வகை டாக்டர் என்று முடிவு கட்டிக்கொண்டார்கள். தீபாவளிக்கு ஆடு அடித்தால், "இந்தா, ஒனக்குத்தான்" என்று ஈரலை மட்டும் எனக்கு எடுத்து வைப்பார்கள். நான் அதைத் தின்பதா, அதைப் பற்றி எழுதுவதா என்று அவர்களுக்கும் தெரியாது. நான் கேட்டுத் தெளிவுபடுத்தியதும் இல்லை. தின்றுவிடுவேன்.

உண்மையில் நான் படிப்பது ஈரலைக்கூட அல்ல. ஈரல் செல்லுக்குள் இருக்கும் ஒரு துக்கடாவை. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற நகல்கள் எடுக்கப்படுகின்றன. அந்த நகல்களில் சில, 'இன்ன புரதத்தைச் செய்' என்ற செய்தியைச் சுமந்துகொண்டு போகும். வேறு சில எந்தப் புரதத்தையும் செய்யாது. ஒரு காலத்தில் இவற்றில் பலதைக் குப்பை என்று ஒதுக்கியிருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, இந்தச் சும்மா இருக்கும் ஆர்.என்.ஏ.க்களில் சில மற்றச் செய்திகளின் மேல் போய் ஒட்டிக்கொண்டு அவற்றின் வாயை அடைக்கின்றன என்று. ஈரலில் எவ்வளவு கொழுப்பு உண்டாக வேண்டும், எவ்வளவு எரிய வேண்டும், எவ்வளவு இரத்தத்துக்குள் போக வேண்டும் என்பதில் எல்லாம் இவற்றின் கை இருக்கிறது. ஈரலில் மிக அதிகமாக இருக்கும் ஒன்றுக்கு நூற்றிருபத்திரண்டு என்று எண் வைத்திருக்கிறார்கள். அதை எலியின் ஈரலிலிருந்து எடுத்துவிட்டால் எலிக்கு இரத்தக் கொழுப்பு குறையும், ஈரலில் கொழுப்பு ஏறும். ஒரு பக்கம் நல்லது செய்து மறுபக்கம் வம்பு செய்கிற இந்தக் குணத்தினால்தான் எனக்கு அதைப் பிடித்துப்போனது. எங்கள் குடும்பத்து ஆட்கள் மாதிரி.

மாமா அம்மாவின் அண்ணன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொடாதவர். தொடாதது மட்டுமல்ல, மற்றவர்கள் தொட்டார்களா என்பதைக் கண்டுபிடிப்பதைத் தன் பிறவிப் பணியாக எடுத்துக்கொண்டவர். திருவிழாக் காலத்தில் கோயில் வாசலில் நிற்பார். தேர் இழுக்க வருகிறவர்கள், காவடி எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் அவர் முகத்துக்கு நேரே போய், "ஊது" என்றால் ஊத வேண்டும். மாமா கண்ணை மூடி, தேயிலை மணம் பார்த்துப் பழகிய மூக்கைக் கொஞ்சம் தூக்கி, தீர்ப்புச் சொல்வார். அந்த மூக்குக்கு அப்பீல் கிடையாது. போதாக்குறைக்கு, திருவிழா அறிவித்த நாளிலிருந்து கமிட்டி வீடுகளில் மீன், இறைச்சி, முட்டை எதுவும் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஈரலில் கோளாறு. எங்கள் ஊரில் ஈரல் கெட்டது என்றால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. அதைச் சொல்லத் தேவையே இல்லை.

நான் வந்து சேர்ந்தபோது அம்மா என்னைக் கையைப் பிடித்து நேராக மாமா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் நடந்ததைச் சொன்னாள். மாமாவுக்குச் சாப்பிட்டதும் வயிறு கனக்கிற மாதிரி இருந்திருக்கிறது. ஹட்டனில் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். கூட்டிக்கொண்டு போனவர் எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், ஆட்டோக்காரர். இவரை மாமா ஒரு திருவிழாவில் ஊதச் சொல்லி, தேர் வடத்தைத் தொட விடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஊரே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில். அந்தக் காயம் அவருக்கு ஆறவே இல்லை. ஆனால் மாமாவுக்கு அது நினைவில் இருந்த மாதிரியே தெரியவில்லை. இவரையே வண்டிக்கு அழைத்தது மட்டுமில்லாமல், டாக்டர் சிங்களத்தில் பேசுவார், துணைக்கு இருக்கட்டும் என்று உள்ளேயும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

உள்ளே நடந்ததை ஆட்டோக்காரரே பின்னால் எனக்கு நடித்துக் காட்டினார். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "பொனவாத?" என்று கேட்டிருக்கிறார். குடிப்பீர்களா என்று அர்த்தம். மாமாவின் சிங்களம் தொழிற்சாலைச் சிங்களம். அங்கே யாராவது அப்படிக் கேட்டால் தேத்தண்ணி, அதாவது டீ, குடிக்கிறீர்களா என்றுதான் கேட்பார்கள். மாமா மார்பை நிமிர்த்தி, "ஒவ், ஹெமதாம" என்றார். ஆமாம், தினமும்.

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு, "கொடக் பொனவாத?" என்றார். நிறையக் குடிப்பீர்களா?

மாமா சிரித்தபடி காலையில், பத்து மணிக்கு, மத்தியானம், சாயங்காலம் என்று விரல் விட்டார்.

"நீங்க திருத்தியிருக்கலாமே?" என்று நான் ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"நானா? தலைவரு பேசுறப்ப குறுக்க பேசுறது மரியாதையா பிள்ள?" என்றார் அவர். முகத்தில் அப்படியோர் அடக்கம்.

டாக்டர் கடைசியில், "அக்மாவே தெல்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஈரலில் எண்ணெய், அதாவது கொழுப்பு. ஆட்டோ ஹட்டனிலிருந்து கிளம்பும்போது அது எண்ணெயாகத்தான் இருந்தது. கொட்டகலை வருவதற்குள் எப்படியோ தண்ணியாகிவிட்டது. மலையேறி லயத்துக்கு வந்தபோது, தலைவருக்குத் தண்ணியால் ஈரல் போய்விட்டது, டாக்டர் முன்னால் அவரே தினமும் நாலு வேளை என்று ஒப்புக்கொண்டார், காதால் கேட்ட சாட்சி உண்டு என்று முழுக் கதையாக வளர்ந்திருந்தது.

மாமா வீட்டில் அத்தை சமையலறையைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். அரிசி டின்னுக்குள் கைவிட்டுப் பார்த்தாகிவிட்டது. லீக்ஸ் பாத்தியைக் கிளறியாகிவிட்டது. கண்ணில்பட்ட ஒவ்வொரு போத்தலையும் திறந்து முகர்ந்துகொண்டிருந்தாள். விளக்கெண்ணெய், வினிகர், மாமாவின் மூட்டுவலித் தைலம். தைலத்தை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதக் குடிப்பாங்களா?"

"இல்ல அத்தை."

"டாக்டரு கொழுப்புன்னு சொன்னாராம். எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல. ஒங்க மாமாவுக்கு வாயில மட்டுந்தான் கொழுப்புன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஈரல் வரைக்கும் எறங்கியிருக்கு."

மாமா வாசல் பெஞ்சில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். குடிக்காதவர்களுக்கும் ஈரலில் கொழுப்பு ஏறும், இது உலகத்தில் ஏகப்பட்ட பேருக்கு இருக்கிறது, ஆரம்பத்தில் கவனித்தால் இறக்கிவிடலாம் என்று நான் சொன்னதும் அவருக்கு உயிர் வந்தது.

"கேட்டியா?" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "படிச்ச பிள்ள சொல்லுது!"

"அது ஒங்க தங்கச்சி மக. வேற என்னா சொல்லும்?" என்றது சமையலறை.

நான் மெதுவாகச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். ரொட்டியும் சம்பலும் என்றார். பகலுக்குக் கொஞ்சம் சோறு. பால் ஊற்றாத பிளேன்டீ, அதுவும் சீனி இல்லாமல். முன்பே ஒரு தடவை இரத்தத்தில் சீனி எல்லையில் இருக்கிறது என்று சொன்னார்களாம். அன்றிலிருந்து இனிப்பைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லையாம். அத்தையும் அதை ஒத்துக்கொண்டாள். ஆசையாகக் கேசரி கிண்டினாலும் தட்டை நகர்த்தி வைத்துவிடுகிறார் என்றாள். எனக்கோ கணக்கு இடித்தது. மாமாவின் வயிறு ரொட்டியையும் சம்பலையும் மட்டும் கண்ட வயிறு மாதிரி இல்லை. அது சட்டைப் பொத்தானோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. கொழுப்பு ஏறுவதற்கு மரபணு காரணமாக இருக்கலாம், நான் படிக்கும் ஆர்.என்.ஏ.யும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் ஏறுவதற்கு ஏதாவது ஒன்று உள்ளே போயிருக்க வேண்டுமே.

திருவிழா அறிவித்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் திருவிழாக் கூட்டம். எப்போதும் வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். முன்னால் ஒரு நாற்காலியில் கண்டாக்கையா. மலையில் வேலை வாங்கும் உத்தியோகத்தர் என்பதால் அவருக்கு எப்போதும் நாற்காலி. பக்கத்தில் பூசாரி. பாயில் மற்றவர்கள். மாமா மேடையில் எழுந்து, "இந்த வருசத் திருவிழாவ நல்லபடியா..." என்று ஆரம்பித்ததுமே பின்னாலிருந்து ஆட்டோக்காரர் எழுந்தார்.

"தலைவரே, ஒரு சின்ன விசயம். மொதல்ல நீங்க ஊதுங்க."

மாமாவின் முகம் சிவந்தது. நான் அவசரமாக எழுந்தேன். டாக்டர் சொன்னது எண்ணெய்தான், தண்ணி அல்ல, அது குடிக்காமலும் வரும் என்று விளக்கினேன். எப்படி வரும் என்று யாரோ கேட்டார்கள். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் ஆராய்ச்சியைப் பற்றி இத்தனை பேர் ஒரே நேரத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை. மாநாட்டில்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. ஆசை யாரை விட்டது? செல், மரபணு, செய்தி என்று தொடங்கி, செய்தியை அடக்கும் ஆர்.என்.ஏ. வரைக்கும் போய்விட்டேன். எல்லாரும் முழித்தார்கள். புரிய வைத்தே தீர வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது.

"இப்ப பாருங்க, மலையில கொழுந்து பறிக்கிறது யாரு? நீங்க. ஒரு எலகூடப் பறிக்காம, சும்மா நின்னுக்கிட்டு, அங்க போ, இங்க நிறுத்துன்னு சொல்றது யாரு? அந்த மாதிரி..."

சொல்லி முடிக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மண்டபம் முழுதும் பரவியது. எல்லாத் தலையும் நாற்காலிப் பக்கம் திரும்பியது. கண்டாக்கையா சட்டைக் கைமடிப்பைச் சரிசெய்தார்.

"ஐயாவ ஈரல்லயும் வச்சிருக்காங்களா!" என்றாள் அம்மாவோடு கொழுந்து பறிக்கும் ஒருத்தி. "அதான் கொழுப்பு ஏறுது!"

கண்டாக்கையா நல்ல மனிதர். அவரே கடைசியில் சிரித்துவிட்டார். "அந்த ஆளு இல்லாட்டி என்னாகும்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஈரல் கெட்டுப்போகும் ஐயா."

"அத நல்லா சத்தமா சொல்லு," என்றார்.

சிரிப்பு அடங்கியதும் ஆட்டோக்காரர் மறுபடி எழுந்தார். "பிள்ள, ஒரே ஒரு கேள்வி. குடிக்காதவங்களுக்கும் ஈரல் கெடும்னா, குடிக்கிறவன் என்னா தப்பு பண்ணான்?"

ஆண்கள் பக்கம் பலமாகத் தலைகள் ஆடின. பல வருடங்களாகத் தேடிய நியாயம் படித்தவள் வாயாலேயே கிடைத்துவிட்ட மகிழ்ச்சி. நான் பதறிப்போய், குடித்தால் கட்டாயம் கெடும், இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் கெடும் என்று கத்தினேன். கேட்பார் இல்லை. அவர்களுக்கு வேண்டிய பாதியை அவர்கள் எடுத்துக்கொண்டாகிவிட்டது.

அதற்குள் மாமா மேடையிலிருந்து இறங்கி ஆட்டோக்காரர் முன்னால் போய் நின்றார். "ஊதணும், அவ்வளவுதானே? எம் மடியில கனமில்ல," என்று சொல்லி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, அவர் மூக்குக்கு நேரே ஊதினார்.

ஆட்டோக்காரர் கண்ணை மூடினார். மாமாவைப் போலவே மூக்கைத் தூக்கினார். பிறகு மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

"ஏலக்கா," என்றார்.

மண்டபம் "ஆ" என்றது. குடித்த வாயை மறைக்க ஏலக்காய் மெல்வது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. அதைப் பல பேரிடம் கண்டுபிடித்து வெளியே தள்ளியவரே மாமாதான். இப்போது அவர் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். ஏலக்காய் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் சொல்லாததுதான் என்னை யோசிக்க வைத்தது.

அத்தை யோசிக்கவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு வந்து, "நட, கொட்டகலைக்குப் போவோம்," என்றாள். "சாராயத் தவறணையில போயி நானே கேக்குறேன்." போவதற்கு வேறு வண்டி கிடைக்காததால் ஆட்டோக்காரரையே அழைக்க வேண்டியதாயிற்று. அவர் சந்தோசமாக வந்தார். தன் வண்டியில் இப்படியொரு சவாரி ஏறும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

கடைவீதியில் இறங்கியதும் அத்தையின் வீரம் குறைந்தது. சாராயத் தவறணைக்குள் போக எந்தப் பெண்ணுக்குத்தான் கூச்சம் வராது? எதிரே ஒரு முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடை இருந்தது. பழைய கடை. கல்லாவில் உட்கார்ந்தால் தவறணை வாசல் நேராகத் தெரியும். அத்தை அங்கே போனாள்.

"நானா, எங்க வீட்டுக்காரரு எதுத்தாப்புல போறத நீங்க பாத்திருக்கீங்களா? உண்மையச் சொல்லுங்க."

"யாரு, தலைவரா? அங்கயா?" நானா அதிர்ந்துபோனார். "அல்லாவே! அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரே. ஒவ்வொரு நாளும் நேரா இங்கதானே வாறாரு. இப்பகூட உள்ளுக்குத்தான் இருக்கிறாரு."

உள்ளே ஒரு துணித் திரை தொங்கியது. அத்தை அதை விலக்கினாள். மாமா ஒரு மூலை மேசையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முன்னால் இனிப்பு டின்பால் ஊற்றிய ஆடை கட்டிய தேத்தண்ணி. கையில் ஒரு கிண்ணம் வட்டிலப்பம், கருப்பட்டி இனிப்பு. கரண்டி வாய்க்கும் கிண்ணத்துக்கும் நடுவில் நின்றது.

"நல்லா இருக்கா?" என்றாள் அத்தை.

"மனசு சரியில்ல..." என்றார் மாமா. "அதான்..."

"ஒவ்வொரு நாளும் சரியில்லயா?"

"காலையிலயும் சாயங்காலமும் மட்டுந்தான்..."

அத்தை எதிரே உட்கார்ந்தாள். நான் அழுகையை எதிர்பார்த்தேன். அவள் மாமாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கி, ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். இன்னொரு வாய். பாதிக் கிண்ணத்தைக் காலி செய்தாள்.

"ஏலக்கா தூக்கல்," என்றாள். பிறகுதான் குரல் உடைந்தது. "நான் கேசரி கிண்டினா தட்ட நகத்துறீங்க. சீனி கூடாதுன்னு. இங்க வந்து ஊரான் வீட்டு சமையல... இதுக்கு நீங்க குடிச்சிருக்கலாம்!"

நானா ஏதோ தவறு நடந்துவிட்டது, தன் பண்டத்தின் தரத்தில்தான் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டார். "இல்லம்மா, வீட்டுல எங்க ஆளு சுத்தமாச் செய்யிறது. நல்ல கித்துள் கருப்பட்டி, கெட்டித் தேங்காப்பாலு, முந்திரி, நாட்டுக்கோழி முட்டை..."

கரண்டி கிண்ணத்தில் விழுந்தது.

"முட்டையா?" என்றாள் அத்தை.

"முட்டை இல்லாம வட்டிலப்பமா?" என்றார் நானா.

இருவரும் ஒரே நேரத்தில் மாமாவைப் பார்த்தார்கள். கமிட்டி வீடுகளில் முட்டை கூடாது என்று சட்டம் போட்ட தலைவர் சுவரைப் பார்த்தார். மண்டபத்தில் அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது.

"எனக்குத் தெரியாது," என்றார் மாமா. "தேங்காப்பாலுதான்னு நெனச்சேன்."

"போன கெழமகூட முட்டை கொஞ்சம் கூடவான்னு கேட்டீங்களே ஐயா," என்றார் நானா, உதவி செய்கிற எண்ணத்தில்.

அத்தை கிண்ணத்தைப் பார்த்தாள். அவளும் கமிட்டி வீடுதான். அவள் வாயிலும் இப்போது முட்டை. பிறகு மிச்சத்தை என் பக்கம் தள்ளினாள். "நீயும் சாப்பிடு."

"நான் எதுக்கு அத்தை?"

"வெளிய போயி சொல்ல மாட்டியில்ல, அதுக்கு."

சாப்பிட்டேன். அறிவியல் நேர்மையோடு சொல்கிறேன், மாமாவின் மேல் எனக்கு ஒரு குற்றமும் தோன்றவில்லை. அப்படியொரு வட்டிலப்பம். ஆய்வுகூடத்தில் நான் செல்களுக்கு ஊட்டும் எண்ணெய் எல்லாம் இதற்கு முன்னால் வெறும் தண்ணீர்.

அப்போது திரையை விலக்கிக்கொண்டு ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். நேரமாகிறதே என்று பார்க்க வந்தாராம். மேசையைப் பார்த்தார். கிண்ணத்தை எடுத்து முகர்ந்தார். எல்லாம் விளங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மாமா எழுந்து நின்றார்.

"சிரி. நல்லா சிரி. ஒன்னய அன்னைக்கு எல்லாரும் பாக்க வெளிய தள்ளுனேன். இப்ப நீ போயி ஊருக்கெல்லாம் சொல்லு. நான் கேக்க மாட்டேன்."

ஆட்டோக்காரரின் சிரிப்பு நின்றது. அந்த நாளை மாமா மறக்கவில்லை என்பது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. சட்டையால் கண்ணைத் துடைத்தார். "நான் எதுக்கு தலைவரே சொல்லணும்?" என்றார். "நீங்களே சொல்லுங்க. அதுதான் நல்லாருக்கும்."

இதைப் பெருந்தன்மை என்று சொல்வதா, பழிவாங்கல் என்று சொல்வதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மாமா சொன்னார். அடுத்த பூசையன்று கோயில் வாசலில் எல்லாரும் இருக்கும்போது, "நான் குடிக்கல. தின்னேன். முட்டை இருக்குன்னு தெரிஞ்சே தின்னேன்," என்றார். அத்தை தின்றதைச் சொல்லவில்லை. நான் தின்றதையும் சொல்லவில்லை. யாரும் சிரிக்காமல் இருக்க முயன்றார்கள். முடியவில்லை. தலைவர் பதவியை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். அதை ஏற்க ஆளில்லை. கமிட்டி வேலை என்றால் யாருக்கு ஆசை? பரிகாரம் ஏதாவது செய்தால் போதும் என்றார்கள். பூசாரி யோசித்தார்.

இங்கேதான் நான் கொஞ்சம் விளையாடினேன். பூசாரி என் சொந்தத்தில் அண்ணன் முறை. முதல் நாளே அவரைப் போய்ப் பார்த்திருந்தேன். ஈரல் கொழுப்புக்கு ஊசியோ குளிசையோ தேடிக்கொண்டு இருப்பதைவிட முதலில் எடை குறைய வேண்டும், நடக்க வேண்டும், இனிப்பை நிறுத்த வேண்டும், டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார், ஆனால் மாமா டாக்டர் பேச்சைக் கேட்கிற ஆள் இல்லை என்று சொல்லி வைத்திருந்தேன்.

பூசாரி கண்ணை மூடி, கணீரென்று சொன்னார்: "தெனமும் காலையில வீட்டுல இருந்து மலைக்கோயில் வரைக்கும் நடந்து போயி வெளக்கேத்தணும். வண்டியில போகக் கூடாது. திருவிழா முடியிற வரைக்கும் இனிப்பு, டின்பால், எண்ணெப் பலகாரம் ஒன்னும் வாயில படக் கூடாது."

மாமா கைகூப்பி ஏற்றுக்கொண்டார். கூட்டம் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்தப் பரிகாரம் அம்மன் சொன்னதா, ஒன் பொஸ்தகத்துல இருக்கிறதா?"

"ரெண்டுலயும் இருக்கு மாமா."

"டின்பால் அம்மனுக்கு எப்படித் தெரியும்?" என்று முனகிக்கொண்டே போனார்.

நடந்தார். முதல் வாரம் பாதி வழியில் கல்லில் உட்கார்ந்து என்னைத் திட்டினாராம். அத்தை பின்னாலேயே போய், உட்கார விடாமல் எழுப்பினாள் என்று அம்மா தொலைபேசியில் சொன்னாள். கேசரிக்குப் பதில் சுண்டலும் கீரையும் செய்தாள். அதை மாமா நகர்த்தி வைக்கவில்லை. திருவிழாவுக்கு நான் போயிருந்தபோது கோயில் வாசலில் மாமா நின்றார். யாரையும் ஊதச் சொல்லவில்லை. "குடிச்சிருந்தா நீயே ஒதுங்கிக்க," என்று மட்டும் சொன்னார். ஒதுங்கியவர்கள் வழக்கத்தைவிட அதிகம். ஆட்டோக்காரர் தேர் வடத்தின் முதல் ஆளாக நின்று இழுத்தார்.

திருவிழா முடிந்தும் மாமா நடப்பதை நிறுத்தவில்லை. சில மாதங்கள் கழித்து எடுத்த ஸ்கேனில் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. அன்றிலிருந்து அவர் தாங்க முடியாத மனிதராகிவிட்டார். கல்யாண வீட்டில் யாராவது லட்டை எடுத்தால் பக்கத்தில் போய் நின்று ஈரலைப் பற்றிப் பேசுகிறார். "செய்திய அடக்குற ஆளு ஒன்னு உள்ளுக்க இருக்கு," என்று என் ஆராய்ச்சியைத் தன் அனுபவமாகச் சொல்கிறார். பாதி தப்பு. திருத்துவதில்லை.

ஆட்டோக்காரரையும் அவர்தான் வற்புறுத்தி ஸ்கேனுக்கு அனுப்பினார். அவருக்கு மாமாவைவிட மோசமாக இருந்தது. அவருக்குக் காரணம் நிஜமான தண்ணிதான். போன மாதம் ஊருக்குப் போனபோது காலைப் பனியில் இருவரும் ஒன்றாக மலையேறிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ லயத்து வாசலில் நின்றது. குடியை நிறுத்தியாகிவிட்டது என்றார் ஆட்டோக்காரர். மாமா அவர் பேச்சை அப்படியே நம்பினார். நான் மூச்சிரைக்கப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தேன்.

"என்னா பிள்ள," என்றார் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்தா என்னா?"

மாமா என் வயிற்றைப் பார்த்தார். பிறகு மரியாதைக்கு மலையைப் பார்த்தார்.